வெறுமையாக வரவேண்டிய இரண்டு தடங்கள்

இயக்குநரின் அறையில், வருகிறவர்கள் உட்காரும் சோபாவுக்கு நேர் எதிரே ஓர் எக்ஸ்ரே படம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதற்கென்று தனியாக ஒரு விளக்கு. விவரம் தெரியாதவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இப்ப வலி பரவாயில்லையா சார்?" என்று அவரை விசாரித்ததும் உண்டு.

அது யாருடைய எலும்பும் இல்லை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் அவர் தன் கையால் எடுத்த படம். அதில் பக்கத்துப் பக்கத்தில் ஆறு தடங்கள். நான்கில் கறுப்பாக ஒரு பட்டை. மற்ற இரண்டில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவரைப் பெரிய ஆளாக்கியது. உலகத்தில் எல்லாரும் எதையாவது காட்டிப் பேர் வாங்குவார்கள். இவர் வெற்றிடத்தைக் காட்டி வாங்கினார்.

விஷயம் இதுதான். பட்டுப்புழு கூடு கட்டுவதற்கு முந்தைய சில நாட்களில் பட்டுச் சுரப்பி வெறி பிடித்ததுபோல் வேலை செய்யும். பட்டு என்பது ஒரு புரதம். அதைக் கோக்க வேண்டிய அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து கொடுக்கும் சுமைகாரர்கள்தான் டி.ஆர்.என்.ஏ. பட்டில் அலனின் என்ற அமிலம் ஏராளம். அதனால் அதைத் தூக்குகிற சுமைகாரர்களும் ஏராளமாக வேண்டும். அவர்களை உண்டாக்கும் மரபணு புழுவிடம் இரண்டு வகை. முதலாவது உடம்பில் எல்லா இடத்திலும் வேலை செய்யும். இரண்டாவது பட்டுச் சுரப்பியில் மட்டும். மற்ற இடங்களிலும் அந்த இரண்டாவது மரபணு இருக்கிறது, ஆனால் வாயைத் திறப்பதில்லை. ஏன்?

"ஒரு தடைப் புரதம் அதன் வாயைப் பொத்துகிறது" என்றார் இயக்குநர். சுரப்பி, கொழுப்புத் திசு, தோல் மூன்றையும் தனித்தனியாக நசுக்கிச் சாறு எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மரபணுக்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார், ஆக ஆறு தடம். மரபணு வேலை செய்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். கொழுப்பிலும் தோலிலும் இரண்டாவது மரபணுவுக்குப் பட்டை விழவில்லை. நாலாவது தடமும் ஆறாவது தடமும் வெள்ளை. கொழுப்புச் சாற்றைக் கொஞ்சம் எடுத்துச் சுரப்பிச் சாற்றில் கலந்தால் அங்கேயும் அந்த மரபணு அடங்கிப்போனது. அன்றிலிருந்து அவர் தடைப் புரதத்தின் தந்தை. பிள்ளையைத்தான் இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அதைப் பிரித்து எடுத்துக் கையில் கொடுப்பதற்காகச் சேர்ந்தவளுக்கு இது ஏழாவது வருடம். ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே 'ஏழு'. போன வருடம் 'ஆறு' என்றார்கள். சேர்ந்த வருடம் பிறந்த மகள் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். ஆராய்ச்சி இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் புதுப் படத்தை வெளிச்சப் பெட்டிமேல் வைத்தாள்.

"மறுபடியும் ஆறும் கறுப்பா?" என்றார் இயக்குநர்.

"ஆமா சார். நாலாவதும் ஆறாவதும் குறைச்சல்தான். மூணுல ஒரு பங்கு. ஆனா இருக்கு."

"இருக்கக் கூடாதே."

"அது அந்தப் புழுவுக்குத் தெரியலையே சார்."

துணை இயக்குநர் சிரித்தார். அவருக்கு 'ஆமாம்சார்' என்று பேர். இயக்குநர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பை அப்படியே இருமலாக மாற்றிக்கொண்டார். இருபது வருடப் பழக்கம், சத்தம்கூடப் பிசகவில்லை.

"சார், எனக்கு என்ன தோணுதுன்னா," என்று அவள் களைப்பாக ஆரம்பித்தாள். இதை நான்காவது தடவையாகச் சொல்கிறாள். "யாரும் அந்த மரபணுவைத் தடுக்கல. மரபணுவைப் படிக்கிற இயந்திரப் புரதங்கள் சுரப்பியில நிறைய இருக்கு, மத்த இடத்துல கொஞ்சம்தான் இருக்கு. ரெண்டாவது மரபணுவுக்கு முன்னால இருக்கிற டி.என்.ஏ. எழுத்துகள் அந்தப் புரதங்களை இறுக்கிப் பிடிக்கிறதில்ல. தாராளமா இருந்தா அதுக்கும் கிடைக்குது. தட்டுப்பாடு வந்தா முதலாவது மரபணு பிடிச்சு வச்சுக்குது, இதுக்கு மிச்சம்தான். அவ்வளவுதான் சார். ஆள் பத்தல."

"ஆள் பத்தல!" இயக்குநர் துணை இயக்குநர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? இது ஆராய்ச்சி முடிவாம். என் ஆபீஸ் கிளார்க் தினம் சொல்ற சாக்கு இது."

"ஆமாம் சார்."

"இயற்கையில ஒரு கட்டளை இருக்கும்மா. ஒரு அதிகாரம் இருக்கு. ஒன்னு நடக்கலைன்னா, அதை நடக்க விடாம ஒருத்தன் நிக்கிறான்னு அர்த்தம்." அவர் சாய்ந்துகொண்டார். "உனக்குக் கை சரியில்ல. ஏழு வருஷமா கை சரியில்ல."

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். எதிர்த்துச் சொல்கிற நிலையில் அவள் இல்லை. கணவரும் மகளும் இரண்டு மாதத்துக்கு முன்பே வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், அங்கே அவருக்கு வேலை மாற்றம். அந்த ஊர்க் கல்லூரி ஒன்றில் அவளுக்கும் ஆசிரியர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதம் முதல் தேதி பட்டத்தோடு வந்து சேர வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆள். பட்டத்துக்கு இயக்குநரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்கு நாலாவது, ஆறாவது தடங்கள் வெறுமையாக வர வேண்டும்.

"புதன்கிழமை காலையில நானே செஞ்சு காட்டுறேன்," என்றார் இயக்குநர். "எல்லாரும் வாங்க. போட்டோ எடுக்கவும் ஒருத்தரை வரச் சொல்லுங்க."

புதன்கிழமை அவர் மடிப்புக் கலையாத புது வெள்ளைக் கோட்டில் வந்தார். பட்டன் துளைகள்கூட இன்னும் சரியாகத் திறக்கவில்லை. துணை இயக்குநர் பனிக்கட்டி வாளியைக் கையில் ஏந்தியபடி பின்னால் வந்தார். புகைப்படக்காரர் ஒருவர். போன வாரம்தான் சேர்ந்திருந்த புது மாணவி ஒருத்தி, நோட்டும் பேனாவுமாக. அவளை எல்லாரும் 'புதுசு' என்றே கூப்பிட்டார்கள்.

புழு வளர்க்கும் அறையிலிருந்து புழுக்கார அண்ணன் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். புழுக்கள் தின்கிற சத்தத்தை மழைச் சத்தம் என்று எழுதுவார்கள். பக்கத்தில் நின்று கேட்டால் ஒரு அலுவலகமே உட்கார்ந்து பிஸ்கட் தின்கிற மாதிரிதான் இருக்கும்.

"அண்ணே, இது எத்தனாவது நாள் புழு?" என்று ஏழு மெதுவாகக் கேட்டாள்.

"கடைசித் தோல் உரிச்சு அஞ்சாம் நாள்மா. வயிறு முட்டத் தின்னுருக்கு. நீ வெட்டுறதுன்னா பட்டினி போட்டுக் கொண்டாருவேன், உனக்கு வழக்கம் தெரியும். சார் கேக்கல, நான் சொல்லல."

சுரப்பியை எடுப்பது சுலபம். தலைக்குப் பின்னால் சின்னதாக ஒரு கீறல் போட்டு இழுத்தால், வெள்ளை நூல் மாதிரி முழுசாக வந்துவிடும். கொழுப்புத் திசு அப்படி இல்லை. அது குடலைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும். குடலோ புழுவின் முக்கால் உடம்பு, அது முழுக்க அரைத்த இலை. அவளுக்கு ஒரு புழுவுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஊசி குத்தி, பக்கவாட்டில் கீறி, குடலைத் தொடாமல் ஒதுக்கி, இமைக்க மறந்து உட்கார்ந்திருப்பாள்.

இயக்குநர் ஒரு நிமிடத்துக்கு ஒரு புழு வெட்டினார்.

"பாருங்க, தயக்கமே கூடாது," என்றார். "புழுவுக்குத் தெரியும், நம்ம கையில நம்பிக்கை இருக்கா இல்லையான்னு."

கத்தரி நடுவாக இறங்கியது. உரித்த தோலிலும் கையுறையிலும் பச்சையாக ஏதோ வழிந்தது. புகைப்படக்காரர், "சார், அந்தப் பச்சை போட்டோல விழுது, துடைச்சுக்கிறீங்களா?" என்றார். துணை இயக்குநர் காகிதம் எடுத்துத் துடைத்துவிட்டார். கையுறையை மட்டும்.

புழுக்கார அண்ணன் ஏழுவின் காதருகே குனிந்தார். "ஏம்மா, இலைச் சட்னி அரைக்கிறாரா?"

"சும்மா இருங்கண்ணே."

சனிக்கிழமை படம் கழுவி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து கறுப்பு. நாலும் ஆறும் பனிபோல் வெள்ளை. துணை இயக்குநர் முதலில் கைதட்டினார், பிறகு எல்லாரும். ஏழுவும் தட்டினாள். அதில் பொய் இல்லை. அந்த வெள்ளை இடத்தைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது சந்தேகம் அல்ல, தூக்கம். ஏழு வருடத் தூக்கம்.

"பாத்தியா? கை," என்றார் இயக்குநர். அவர் முகம் இருபது வயது குறைந்திருந்தது. "இந்தப் படத்தை உன் நாலாம் அத்தியாயத்துல சேத்துடு. வெள்ளிக்கிழமை உனக்கு வாய்மொழித் தேர்வு வச்சிடலாம். வெளித் தேர்வாளர்கிட்ட நான் பேசுறேன்."

அன்று சாயங்காலமே அவள் நாலாம் அத்தியாயத்தை எழுதி முடித்தாள். 'தடைப் புரதம் இருப்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாகிறது' என்று கடைசி வரி. எழுதிவிட்டு, உறைபெட்டியில் இயக்குநரின் கொழுப்புச் சாறு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினவர்கள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பதில்லையா, அப்படி. துணை இயக்குநர் தன் அழகான கையெழுத்தில் குழாய்மேல் எழுதியிருந்தார்: 'இயக்குநர் அவர்களின் திருக்கரம்.'

திங்கட்கிழமை அவள் செய்தது மிகச் சின்ன வேலை. மரபணுவே இல்லாமல், முன்பே தயாராக இருந்த இரண்டு வகை டி.ஆர்.என்.ஏவையும் அந்தச் சாற்றில் போட்டாள். சாறு உண்மையிலேயே மரபணுவைத்தான் தடுக்கிறது என்றால், முன்பே உண்டாகிவிட்ட சுமைகாரரை ஒன்றும் செய்யாது. இன்னொரு குழாயில் தன்னுடைய சுத்தமான சாறு. மூன்றாவதில், தன் சாற்றோடு ஒரு புழுவின் குடலைக் குத்தி எடுத்த பச்சை நீர் ஊசிமுனை அளவு.

புதன்கிழமை படம் வந்தது. அவளுடைய சாற்றில் சுமைகாரர்கள் இரண்டு வகையும் பத்திரமாக இருந்தார்கள். இயக்குநரின் சாற்றில் முதல் வகை இருந்தது, இரண்டாம் வகையைக் காணோம். குடல் நீர் கலந்ததிலும் அதே கதை. இரண்டு வகைக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்தால் இரண்டாம் வகையின் மடிப்பு ஓரிடத்தில் கொஞ்சம் தளர்ந்திருக்கும். இலையோடு சேர்ந்து வருகிற எதையும் செரிக்கப் பழகின குடல் நீர் அங்கேதான் முதலில் பல்லை வைக்கிறது.

ஆக, மரபணு எப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தது. பேசியதை எல்லாம் குடல் தின்றுகொண்டிருந்தது. உலகப் புகழ் பெற்ற தடைப் புரதம் என்பது, அவசரக்காரர் ஒருவரின் கத்தரியில் கிழிந்த வயிறு.

அவள் சிரித்துப் பார்த்தாள். வரவில்லை. ஏழு வருடமாகத் தன் கை சரியில்லை என்று நம்பியிருந்தாள். இப்போது, சரியாக இருந்ததுதான் குற்றம் என்று தெரிந்தது. இதைக் கொண்டாடுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

வியாழக்கிழமை காலை படத்தை எடுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனாள். அவர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அவர் என்ன இருந்தாலும் முட்டாள் இல்லை. அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. முகத்திலிருந்து இயக்குநர் இறங்கிப் போய், அங்கே வயதான ஒருத்தர் மிஞ்சினார்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு. புழுக்கார அண்ணன் அன்னிக்கே ஏதோ சொன்னாரு, ஆனா அவரை யாரு கேக்கிறாங்க."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவளுக்குப் பக்கத்திலேயே சோபாவில் உட்கார்ந்தார். சாதாரணமாக அப்படி உட்காருகிறவர் இல்லை.

"எனக்கும் ஒரு முதல் தேதி இருந்துச்சும்மா," என்றார். "அந்த மாசம் முடிக்கலைன்னா என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. மனைவி நிறைமாசம். ஒரு நாள்ல நாற்பது புழு வெட்டினேன். பச்சை தெரிஞ்சது. தெரியலைன்னு சொல்ல மாட்டேன். கழுவினாப் போயிடும்னு நினைச்சேன். அப்புறம் படம் வந்துச்சு. அவ்வளவு அழகா வந்துச்சு." எதிரே சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். "அழகா வந்ததை யாரும்மா திரும்பச் செஞ்சு பாப்பாங்க?"

அவளுக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் தோளில் சாய்ந்து தூங்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு சலிப்பு கலந்த இரக்கம்.

"நாளைக்கு இது வேண்டாம்," என்றார் அவர். "நீ பட்டத்தை வாங்கிட்டுக் குழந்தைகிட்டப் போ. இதை நான் பாத்துக்கறேன். மெதுவா, கௌரவமா, வேற ஒரு கட்டுரையில சொல்லிடலாம்."

மெதுவாக என்றால் இன்னொரு இருபத்திரண்டு வருடம் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தலையாட்டினாள். படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் கணவருக்குப் போன் பண்ணினாள்.

"நாளைக்கு முடிஞ்சிடும்," என்றாள்.

"நிஜமாவா? போன வருஷமும் 'நாளைக்கு முடிஞ்சிடும்'னுதான் சொன்னே."

"இந்தத் தடவை கையெழுத்துப் போடுறாங்க. நான் வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

"அப்ப கஷ்டம்தான்," என்றார் அவர். பிறகு, "விளையாட்டுக்குச் சொன்னேன். என்ன ஆச்சு, குரலே சரியில்ல?"

"தூக்கம் வருது. வேற ஒன்னும் இல்ல."

மகள் போனைப் பிடுங்கினாள். "அம்மா, நீ வந்தா மேல் பெர்த் எனக்கு. ரெண்டடுக்குக் கட்டில் வாங்கியாச்சு. நீ கீழ. அப்பா தரையில."

"அப்பா என்ன தப்பு பண்ணாரு?"

"குறட்டை விடுறாரு."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வாய்மொழித் தேர்வு. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், பூங்கொத்து. இயக்குநர் பத்து நிமிடம் அறிமுக உரை ஆற்றினார். அதில் மாணவியைப் பற்றி ஒரு நிமிடம். வெளித் தேர்வாளர் வேறு ஊரிலிருந்து ஆறு மணி நேரம் ரயிலில் வந்திருந்த அம்மையார். வீங்கின கால்களுக்காக மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். அவர் கொட்டாவி விட்டதை இயக்குநர் வியப்பு என்று எடுத்துக்கொண்டார்.

ஏழு தன் வேலையைச் சொன்னாள். நாலாம் அத்தியாயம் வந்தபோது குரல் தட்டையானது. யாரும் கவனிக்கவில்லை, அவள் குரல் எப்போதும் கிட்டத்தட்ட அப்படித்தான். முடித்தாள். துணை இயக்குநர் பேனாக்களின் மூடியைக் கழற்றி வரிசையாக வைத்தார்.

அம்மையார் படிவத்தை இழுத்துக்கொண்டார். பேனாவை எடுத்தவர், ஏதாவது கேட்டோம் என்று இருக்கட்டுமே என்பதுபோல் கேட்டார். "இந்தப் புரதத்தைத் தனியாப் பிரிச்சு எடுக்க இன்னும் எத்தனை வருஷம் ஆகும்?"

"அஞ்சு வருஷம்," என்றார் இயக்குநர், சற்றும் தயங்காமல். "அதுக்குத்தான் புதுசா ஒரு பொண்ணை எடுத்திருக்கோம். இங்கதான் இருக்கா. எழுந்திரும்மா."

புதுசு எழுந்து நின்றாள். முகம் மலர்ந்திருந்தது. தன்னைப் பற்றிச் சொன்னதை ஏன் எழுத வேண்டும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் உட்கார்ந்ததும் அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஏழுவுக்கு அவள் எழுதுவது தெரிந்தது: 'தடைப் புரதம். 5 வருடம்.' கீழே அடிக்கோடும் போட்டாள். ஸ்கேல் வைத்து.

"மேடம்," என்றாள் ஏழு. "கையெழுத்துப் போட வேண்டாம்."

அம்மையாரின் பேனா நின்றது. ஏழு பையிலிருந்து படத்தை எடுத்து அவர்முன் வைத்தாள். தயாராக இருந்த டி.ஆர்.என்.ஏ, இயக்குநரின் சாறு, தன் சாறு, குடல் நீர் என்று நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். ஏழு வருடம் நான்கு வாக்கியத்தில் அடங்கியது அவளுக்கே ஆச்சரியம்தான்.

இயக்குநர் எழுந்தார். அவர் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் எழுந்து நின்ற அந்த இரண்டு விநாடிக்குள் ஏதோ ஒன்று அவரைத் தாங்கிப் பிடித்துவிட்டது. மேடைப் பழக்கம்.

"இதைத்தான்," என்றார், "இதைத்தான் நான் இருபத்திரெண்டு வருஷமா எதிர்பார்த்தேன்! தடைப் புரதம் மரபணுவைத் தடுக்கல. அது உண்டாக்கினதை அழிக்குது! இது இரண்டாம் நிலைக் கட்டுப்பாடு. இன்னும் ஆழமான கட்டளை. என் மாணவி இன்னிக்கு அதை..."

துணை இயக்குநர் கைதட்டத் தொடங்கினார்.

"சார், கொஞ்சம் உக்காருங்க," என்றார் அம்மையார். கால்களைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டார். "ஏம்மா, குடல் கிழியாம எடுத்தா?"

"நாலாவது, ஆறாவது ரெண்டுலயும் பட்டை வருது மேடம். மூணுல ஒரு பங்கு."

"கிழிஞ்சா?"

"வெள்ளை."

"அப்ப அது உடம்புக்குள்ள நடக்கிற விஷயமே இல்ல. கத்தரி செஞ்ச கட்டுப்பாடு."

"ஆமா மேடம்."

"இந்த நாலாம் அத்தியாயத்தை எழுதினது யாரு?"

அவள் இயக்குநரைப் பார்க்கவில்லை. "நான்தான் மேடம். தப்புன்னு தெரிஞ்சும் நேத்து எடுக்கல. முதல் தேதிக்குள்ள வேலையில சேரணும்."

அம்மையார் படத்தை வெகுநேரம் பார்த்தார். "உன்னோட மூணுல ஒரு பங்கு ஏன் வருதுன்னு காரணம் வச்சிருக்கியா?"

"ஆள் பத்தல மேடம்," என்றாள் அவள். பிறகு விளக்கமாகவும் சொன்னாள்: முன்னால் இருக்கும் எழுத்துகள், தளர்ந்த பிடி, பற்றாக்குறை. இந்தத் தடவை கேட்டவர் குறுக்கே பேசவில்லை. நடுவில் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்றுக்கு அவளிடம் பதில் இருந்தது, ஒன்றுக்கு இல்லை. இல்லை என்றாள்.

"இது நல்லா இருக்கு," என்றார் அம்மையார். "யாரும் இதைக் கேட்டுக் கைதட்ட மாட்டாங்க, ஆனா நல்லா இருக்கு. இப்படியே நான் கையெழுத்துப் போட முடியாது. முழுசா மாத்தி எழுது. நாற்பத்தஞ்சு நாள் தரேன்."

"இன்னும் பதினொரு நாள்ல முதல் தேதி மேடம்."

"தெரியுதும்மா," என்றார் அவர். அவர் குரலில் இரக்கம் இருந்தது, பேனாவில் இல்லை. மூடியைத் திருகி வைத்துவிட்டார்.

இயக்குநர் பூங்கொத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் துணை இயக்குநர் மேசையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி வைத்தார். அவருக்கு 'ஆமாம் சார்' சொல்ல யாருமே ஏதும் கேட்கவில்லை. பாவமாக இருந்தது.

வெளியே நடையில் புதுசு ஓடிவந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, இப்ப எனக்கு என்ன வேலை?"

"தெரியல."

"நீங்க கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேற இடத்துல சேந்திருப்பேன்."

"உண்மைதான்," என்றாள் ஏழு. அந்தப் பெண் நன்றி சொல்வாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் கொஞ்சம் வலித்தது. "போ, போய்ச் சாப்பிடு. திங்கட்கிழமை பேசிக்கலாம்."

கணவருக்குப் போன் பண்ணினாள். அவர் எங்கோ ஒரு கட்டடத்தில், பாதியில் நின்ற லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்தார். உள்ளே யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"வாயைத் திறந்துட்டேன்," என்றாள்.

அவர் தட்டுகிற சத்தத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனார்.

"இன்னும் எத்தனை நாள்?"

"நாற்பத்தஞ்சு."

"காலேஜ்ல?"

"காத்திருக்க மாட்டாங்க. நாளைக்குக் கேட்டுப் பாக்கிறேன். மாட்டாங்கன்னு இப்பவே தெரியும்."

"பரவால்லன்னு சொல்லணும்னு தோணுது," என்றார் அவர். "ஆனா அப்படி இல்ல. குட்டிகிட்ட நீயே சொல்லு. என்னால முடியாது." பிறகு குரலைத் தள்ளி யாரிடமோ, "இருங்க சார், உள்ள காத்து வரும், ஒன்னும் ஆகாது," என்று கத்திவிட்டுத் திரும்பி வந்தார். "சரி, தப்பு இல்லாத புத்தகமா வருதா?"

"வரும். சின்னதா வரும்."

"சாப்பிட்டியா?"

"இனிமேதான்."

"சாப்பிட்டுட்டு ஆரம்பி," என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார்.

அவள் சாப்பிடவில்லை. ஆய்வுக்கூடத்து மூலையில் இருந்த கணினியைத் திறந்து, ஆய்வேட்டில் 'தடைப் புரதம்' என்ற சொல்லைத் தேடச் சொன்னாள். இருநூற்றுப் பதினான்கு இடம் என்று வந்தது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றவா என்று கணினி பணிவாகக் கேட்டது. எதைப் போட்டு மாற்றுவது? இருக்கும் இடத்துக்குத்தான் இன்னொரு சொல் போடலாம். இல்லாததற்கு என்ன போடுவது? ஒவ்வொரு வாக்கியமாகப் பிரித்து எழுதினால்தான் உண்டு.

வேண்டாம் என்பதை அழுத்தினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு முதலாவது இடத்துக்குப் போனாள். அது அட்டையிலேயே இருந்தது.